எடையில்லாத ஒரு ரூபாய்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சும்மா வாயால் சொல்லவில்லை. ஆவணி மாதத்து மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நெய்வேலி பஸ் நிலையம் வரைக்கும் நடந்து, அங்கே நிற்கிற எடை பார்க்கும் மெஷினுக்கு முன்னால் கற்பூரத்தை வைத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்தி அணைத்து, சத்தியம் செய்துவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கற்பூரத்தைக் கோயிலில் அல்லவா அணைக்க வேண்டும், எடை மெஷினுக்கும் சத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போகப்போக விளங்கும். விளங்காவிட்டாலும் சத்தியம் சத்தியம்தான்.

சிங்காரவேலுக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர் பக்கம். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் பலாமரம், வீட்டுக்குள் மனைவி ருக்குமணி, கல்யாண வயதில் மகள் நந்தினி. மனிதருக்கு வாழ்க்கையில் இரண்டே பயம். ஒன்று, தன் ஷிப்டில் பெல்ட் அறுந்துவிடுமோ என்பது. இன்னொன்று ருக்குமணி. பெல்ட்டாவது எப்போதோ ஒருமுறைதான் அறுந்தது.

போன தை மாதம் நந்தினிக்கு வந்த வரனெல்லாம் தட்டிக்கொண்டே போனபோது, ருக்குமணி ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி மாடத்தில் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"தாயே, எம்பொண்ணுக்கு நல்ல எடமா அமைச்சிக் குடு. ஆடி கடைசி வெள்ளிக்கு இதே காசக் கொண்டாந்து உன் உண்டியல்ல போட்டுடறேன்."

இப்படி முடிந்து வைத்த காசு அந்த நிமிடத்திலிருந்து சாமியின் காசு. அதைச் செலவழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. அதற்குப் பதிலாகத் தங்கக் காசே போட்டாலும் கணக்கில் சேராது, நடந்த நல்லது திரும்பிப் போய்விடும். மாரியம்மன் சுறுசுறுப்பானவள். பங்குனி முடிவதற்குள் பண்ருட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் மணிமாறனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை: ஆடி கடைசி வெள்ளியன்று அந்த ஒற்றை ரூபாய் உண்டியலில் விழ வேண்டும்.

கல்யாண வீடு என்று ஆனிக் கடைசியில் சுவருக்கு வெள்ளையடிக்கக் கிளம்பினார் சிங்காரவேல். படத்தை நகர்த்தியதும் முடிச்சு கீழே விழுந்து அவிழ்ந்து, காசு உருண்டு அவர் கால்விரலில் முட்டி நின்றது. எடுத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் சிங்கம். திருப்பினார். அந்தப் பக்கமும் சிங்கம். ஆனால் இது புடைத்து நிற்காமல் உள்வாங்கிக் குழிந்த சிங்கம், இடம் வலம் மாறிய சிங்கம். ஒரு ரூபாய் என்பதற்கு அடையாளமாக இருக்க வேண்டிய 'ஒன்று' எங்கேயும் இல்லை. சிங்கத்துக்குக் கீழே 'வாய்மையே வெல்லும்' என்று வடமொழியில் பொறித்திருக்குமே, அது குழிந்த பக்கத்தில் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் போனது. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் காட்டிப் பார்த்தார். கண்ணாடிக்குள் மட்டும் வாய்மை ஒழுங்காக வென்றது.

இப்படிப்பட்ட காசுகளைப் பற்றி அவர் போனில் பார்த்திருந்தார். ஓர் ஆள் காரில் உட்கார்ந்துகொண்டு, "உங்க வூட்ல எரர் காயின் இருக்கா? நீங்கதான் அடுத்த கோடீஸ்வரன்" என்று கத்துவான். அந்தக் குரல் இப்போது சிங்காரவேலின் காதில் நாதஸ்வரமாகக் கேட்டது. நந்தினி கல்யாணத்துக்கு இரண்டு செட் நாதஸ்வரம் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒரு செட் இறங்கினால் அடுத்த செட் ஏற வேண்டும், ஷிப்ட் மாதிரி.

'விற்கப் போவதில்லை. சாமி காசு. மதிப்பை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விற்காத பொருளுக்கு விலை எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டே அந்த வீடு என்ன விலை போகும் என்று பேசிக்கொள்கிறவர்கள் உள்ள ஊர் அது.

டவுன்ஷிப்பில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், பழைய கார் ஷெட்டில் இயங்கி வந்தது 'நாணயப் பிழை ஆய்வு, மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் கழகம்'. போர்டு ஷெட்டைவிட நீளம். தலைவர் ராஜாங்கம், ரிட்டயர் ஆகும்வரை ஆள் எடுக்கும் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். வேலையில் இருந்த நாளில் எத்தனை பேரைக் காக்க வைத்தாரோ, அதே அளவு பேரை ரிட்டயரான பிறகும் காக்க வைக்க ஓர் இடம் வேண்டுமென்றுதான் கழகத்தைத் தொடங்கினார் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. செயலாளர் ஆதிலட்சுமி அம்மாள், ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்தவர். தொழில்நுட்ப உறுப்பினர் பழனிசாமி, வாழ்நாள் முழுக்க லாரி எடை மேடையில் வேலை பார்த்தவர்.

"காசு பர்மனன்ட்டா, கான்டிராக்டா?" என்றுதான் ஆதிலட்சுமி அம்மாள் வரவேற்றார்.

"ஒரு ரூபாங்க."

"அது பேரு. நான் கேக்கறது அந்தஸ்து. புதுசா வர்ற பிழை எல்லாமே கான்டிராக்ட் பிழைதான். ஒழுங்கா, விடுப்பில்லாம, தொடர்ந்து பிழையாவே இருந்தா பர்மனன்ட் பண்ணுவோம். பர்மனன்ட் பிழைக்குத்தான் மதிப்பு போடுவோம்."

ராஜாங்கம் லென்ஸை எடுத்து முதலில் காசைப் பார்த்தார். பிறகு அதே லென்ஸால் சிங்காரவேலைப் பார்த்தார். இருவரில் யார் மேல் சந்தேகம் என்று தெரியவில்லை.

"புரோக்கேஜ்" என்றார். "மின்ட்டுல, அதான் காசு அடிக்கற இடத்துல, முன்னாடி அடிச்ச காசு வெளிய விழாம அச்சுலயே ஒட்டிக்கிச்சு. அடுத்த தகட்டை வச்சு அடிக்கறப்ப ஒரு பக்கம் அச்சு பட்டிருக்கு, இன்னொரு பக்கம் அந்த ஒட்டுன காசோட சிங்கம் பதிஞ்சிருக்கு. அதான் உள்வாங்கின சிங்கம். சுத்தமான கேஸ். சந்தேகமே கிடையாது."

"அப்போ மதிப்புங்க?"

"மதிப்பு இருக்கு."

"எவ்வளோங்க?"

"அதான் இருக்குன்னு சொல்லிட்டேனே."

"அப்ப நான் எடுத்துகினு போறேங்க. வூட்ல தேடுவாங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பழனிசாமி காசை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரக்கு வைத்து, இரும்பு பீரோவுக்குள் வைத்துச் சாத்திவிட்டிருந்தார்.

"சிங்காரவேல், உள்ளே வந்த காசு வெளியே போக ஒரே வழிதான் பைலாவுல, அதான் நம்ம விதிப் புத்தகத்துல, இருக்கு" என்றார் ராஜாங்கம் கனிவாக. "பிழை இல்லைன்னு நிராகரிக்கணும். உங்க காசுக்கு அந்த அவமானம் வராது. நான் கியாரண்டி. காசு குடுத்த குடும்பத்துக்கு ஒரு உறுப்பினர் பதவியும் உண்டு."

"நெசமாவாங்க?"

"இப்போதைக்கு கான்டிராக்ட் உறுப்பினர். கூட்டத்துக்கு வந்து நாற்காலி எல்லாம் போடலாம். உக்கார முடியாது."

வெளியே வந்த சிங்காரவேலுக்குத் தான் கொடுத்தது என்ன, வாங்கியது என்ன என்று புரிய, சைக்கிள் வீடு வரைக்கும் போக வேண்டியிருந்தது. புரிந்ததும் வேர்த்தது. மஞ்சள் துணி காலியாக இருக்க முடியாது. பெல்ட் பிரிவிலிருந்து என்றைக்கோ சட்டைப் பையில் வந்த ஒரு வாஷரை வைத்து முடிந்து, படத்துக்குப் பின்னால் செருகினார். அடுத்த வெள்ளிக்கிழமை ருக்குமணி அந்த வாஷருக்குக் கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, "தாயே, நீதான் சாட்சி" என்றாள். பக்கத்தில் நின்ற சிங்காரவேல் இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

இனி கழகத்தின் நடைமுறைகள்.

முதலாவது, எடை. பிழை நாணயத்துக்கு எடை முக்கியம். நகைக்கடைத் தராசில் வைத்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் பழனிசாமி சின்னத் தராசை நம்புகிறவர் அல்ல.

"கைக்குள்ள அடங்கற தராசு எடையைச் சொல்லலாமா சார்? அதுக்கே எடை கிடையாதே! லாரி மேடையில ஏத்துங்க. அது பொய் சொல்லாது."

விருத்தாசலம் ரோட்டில் ஒரு தனியார் எடை மேடை. வாடகைக்கு ஒரு காலி லாரி. லாரியை முதலில் வெறுமனே நிறுத்தி எடை குறித்தார்கள். பிறகு காசை ஏற்றினார்கள். அவ்வளவு பெரிய லாரியில் காசு தனியாகப் போனால் பாதுகாப்பு இல்லை என்று, தலையில் ஹெல்மெட்டோடு பழனிசாமியும் ஏறி, காசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எடைச் சீட்டு வந்தது. காசின் எடை எண்பது கிலோ.

ஆதிலட்சுமி அம்மாள் சீட்டை இரண்டு முறை படித்தார். "சார், இந்தியாவுலயே இவ்வளவு கனமான ஒரு ரூபா இருக்காது."

சிங்காரவேல் தயங்கித் தயங்கி, "அய்யா லாரி மேல குந்திகினு இருக்காருங்க" என்றார். யாருக்கும் அது உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் பழனிசாமியை இறக்கிவிட்டுக் காசை மட்டும் வைத்து மறுபடி நிறுத்தார்கள். இந்த முறை எடை பூஜ்யம். காலி லாரிக்கும் காசு ஏற்றிய லாரிக்கும் மேடை எந்த வித்தியாசமும் காட்டவில்லை.

முதல் சீட்டைக் கிழித்துவிடலாமே என்றார் சிங்காரவேல். ராஜாங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. சீல் போட்ட சீட்டைக் கிழிப்பதாவது. இரண்டும் பதிவாயின: ஒன்று 'அதிக எடைப் பிழை', மற்றது 'எடையின்மைப் பிழை'. இரண்டும் ஒரே நாணயத்தில் அமைவது உலகத்தில் இதுவே முதல் முறை என்று சொல்லி, ராஜாங்கம் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். லாரி டிரைவரும் தட்டினார்.

இரண்டாவது, சீனியாரிட்டி. ஆடி பிறந்து அம்மன் கோயில் ஸ்பீக்கர்கள் முழங்கத் தொடங்கியதும் சிங்காரவேல் நாள்காட்டியில் வெள்ளிக்கிழமைகளை எண்ணினார். கழகத்துக்கு ஓடினார்.

"இந்த மாசமே பாத்துக் குடுத்துடுங்கய்யா. ஆடி கடைசி வெள்ளிக்கு அந்தக் காசு கோயிலுக்குப் போயாவணும்."

"எப்படிங்க முடியும்?" என்றார் ராஜாங்கம். "உங்களுக்கு முன்னாடி ஒரு ரெண்டு ரூபா க்யூவுல நிக்குது. கழகம் ஆரம்பிச்ச வருஷத்துலேர்ந்து நிக்குது. சீனியரை விட்டுட்டு ஜூனியரைப் பாத்தா நாளைக்கு அந்த ரெண்டு ரூபா கோர்ட்டுக்குப் போகும்."

"அப்ப அதைச் சீக்கிரம் பாத்து முடிச்சுடலாமேங்க?"

"மதிப்பீட்டுக் குழுவுல எல்லாரும் கையெழுத்துப் போடணும். வீராசாமி சார் போடலை."

"ஏங்க?"

"அவர் தவறிட்டார்" என்றார் ஆதிலட்சுமி அம்மாள், குரலைத் தாழ்த்தி.

"அய்யோ பாவம். அப்ப அவருக்குப் பதிலா வேற ஆளப் போடுங்களேன்."

"போஸ்ட் காலியா இருந்தாத்தானே போட முடியும்? அவர் ராஜினாமா குடுக்கலையே."

"செத்துட்டாருன்னு இப்பதானம்மா சொன்னீங்க?"

"அது அவரோட பர்சனல் விஷயம். கழகம் அதுல தலையிட முடியாது."

மூன்றாவது, ஆண்டு விழா. ஆடி நான்காம் ஞாயிறு, கல்யாண மண்டபத்தில் நடந்தது. சிங்காரவேல் நாற்காலிகளைப் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார். மேடையில் ஒரு வெல்வெட் தலையணை. அதன் மேல் அவருடைய காசு. அதற்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். சால்வை போர்த்தியதும் காசு தெரியவில்லை, தலையணையும் தெரியவில்லை, அதற்கும் கைதட்டினார்கள். ராஜாங்கம் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! மின்ட்டில் ஒரு பிழை செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது? கண் இமைக்கும் நேரம். அதைக் கண் இமைக்கும் நேரத்தில் நாமும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பொறுப்பு என்று ஒன்று வேண்டாமா? இந்தக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை ஒரு நாணயத்தைக்கூட நாம் தவறாக மதிப்பிட்டதில்லை. எப்படிச் சாதித்தோம்? ஒரு நாணயத்தைக்கூட நாம் மதிப்பிடாமல் சாதித்தோம்."

கைதட்டல் ஓய ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"சிலர் கேட்கிறார்கள், காசைக் கொடுத்தவர்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. கேட்கட்டும். அந்தக் காசு அவர்கள் வீட்டில் இருந்தபோது எப்போது தொலையுமோ என்று அவர்களுக்குக் கவலை இருந்தது. கழகத்திடம் கொடுத்த பிறகு அந்தக் கவலை இருக்கிறதா? நம்முடைய கான்டிராக்ட் உறுப்பினர் சிங்காரவேல் இங்கேதான் நிற்கிறார். அவரையே கேளுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிங்காரவேலின் முகத்தில் வேறு எந்தக் கவலைக்கும் இடமில்லாதபடி ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனால் ருக்குமணி மாவிளக்குக்கு அரிசி ஊற வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நந்தினி அப்பா, வர்ற வெள்ளிதான் கடைசி வெள்ளி. லீவு போட்டுடுங்க. காசப் போட்டுட்டு வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அந்தக் காசுல மட்டும் ஏதாச்சும் கோளாறு ஆச்சுன்னு வையி, கல்யாணத்த நிறுத்திட்டு மாப்ள வூட்டு ஆளுங்க கால்ல வுழுந்துட்டு வந்துடுவேன். தாயி கிட்ட சொன்ன சொல்லு."

அவர் பாதிச் சோற்றிலேயே கை கழுவினார். படுத்தபடி யோசித்ததில் ராஜாங்கம் முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே போன காசு வெளியே வர ஒரே வழி, பிழை இல்லை என்று நிராகரிக்கப்படுவது. இதுவரை பிழை என்று சொல்லச் சொல்லி அலைந்தார். இனி பிழையே இல்லை என்று சொல்லச் சொல்லி அலைய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஷெட் திறக்கும்போதே வாசலில் நின்றார், கையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு.

"அய்யா, எங்காசுல தப்பே கெடையாதுங்க. இந்தக் கண்ணாடியில காட்டிப் பாருங்க. எழுத்து, சிங்கம் எல்லாம் நேராத் தெரியுது. காசு சரியாத்தான் இருக்குதுங்க. நாமதான் தப்பான பக்கம் நின்னுகினு பாக்கறோம்."

ஆதிலட்சுமி அம்மாள் காட்டிப் பார்த்தார். "ஆமா சார், நேராத்தான் தெரியுது" என்றார் குழப்பத்தோடு.

"கண்ணாடியைப் பத்தி பைலாவுல ஒண்ணும் இல்லை" என்றார் ராஜாங்கம். அவர் குரலில் வலி இருந்தது. "ஏங்க, இவ்வளவு நல்ல பிழையை வச்சுக்கிட்டு, பிழையே இல்லைன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது? சால்வை போட்ட காசுங்க அது."

பழனிசாமிதான் குறுக்கே வந்தார். "சார், பைலாவுல பதினாறாவது இருக்கே. சம்பந்தப்படாத மூன்றாவது ஆள் ஒருத்தர் அந்தக் காசை நல்ல காசுன்னு வாங்கிக்கிட்டா அதுல பிழை இல்லைன்னு அர்த்தம். டெஸ்ட் பண்ணிட்டாப் போச்சு."

"மூணாவது ஆளுக்கு எங்க போறது? டவுன்ஷிப்புல எல்லாரும் ஏதாவது ஒரு யூனியன்ல இருக்கான். நடுநிலைமையா ஒருத்தன் கிடைப்பானா?"

பழனிசாமியின் கண்கள் பளபளத்தன. "பஸ் ஸ்டாண்டு எடை மெஷின், சார். அதுக்கு யூனியன் கிடையாது, சொந்த ஊர் கிடையாது, பிரமோஷன் கிடையாது. நல்ல காசைத்தான் வாங்கும்."

அந்த மெஷினை நெய்வேலியில் அறியாதவர் இல்லை. கலர் கலராகப் பல்பு சுற்றும். மேலே ஏறி நின்று ஒரு ரூபாயைப் போட்டால் எடையும் பலனும் அச்சிட்ட சீட்டு விழும் என்று பெயர். உண்மையில் போட்ட காசை அப்படியே கீழே துப்பும். பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் மறுபடி துப்பும். மின்ட்டிலிருந்து அப்போதுதான் வந்த காசைக்கூட அது மதித்ததில்லை. பயணிகள் பஸ் வரும்வரை அதில் காசு போட்டு, துப்பிய காசைப் பொறுக்கிப் பொழுதைப் போக்குவார்கள். நால்வரும் அங்கே போய்ச் சேர்ந்ததும், அரக்கு உறையைப் பிரித்துக் காசைக் கையில் எடுத்த ராஜாங்கம், செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின் மேல் ஏறினார். சிங்காரவேலுக்குப் பயம் போயிருந்தது. துப்பத்தானே போகிறது, கீழே விழுந்ததும் கவ்விக்கொண்டு ஓடிவிடலாம் என்று துண்டை ஏந்தியபடி துவாரத்துக்கு அடியில் குந்தினார்.

காசு உள்ளே போனது. 'டங்' என்று ஓர் ஒலி. அவ்வளவுதான். துப்பவில்லை. பல்புகள் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றின. சீட்டு விழுந்தது. ராஜாங்கம் எடுத்து வாசித்தார்: 'உங்கள் அருமையை உலகம் உணரும் காலம் நெருங்கிவிட்டது.' எடையை அவர் பார்க்கவேயில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை வருஷ உழைப்பில் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை.

ஆதிலட்சுமி அம்மாள் அங்கேயே தீர்மானத்தை வாசித்தார். "மெஷின் ஏற்றுக்கொண்டபடியால் மேற்படி நாணயம் பிழையற்றது என்று நிராகரிக்கப்பட்டு, உரிமையாளரிடம் இதன்மூலம் திருப்பி ஒப்படைக்கப்படுகிறது."

"ஒப்படைங்கம்மா" என்று கையை நீட்டினார் சிங்காரவேல்.

"ஒப்படைச்சாச்சு."

"காசு எங்கம்மா?"

"உங்க காசு உங்களுதுதான். இப்ப அது மெஷினுக்குள்ள இருக்கு. அதுக்கும் கழகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

மெஷினின் சாவி வடலூரில் ஒரு காண்டிராக்டரிடம் இருந்தது. அவர் எப்போது வருவார் என்று டீக்கடையில் விசாரித்தபோது, போன வருஷம் ஒருமுறை வந்தார் என்றார்கள். சிங்காரவேல் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுக்கினார். கெஞ்சினார். காதை வைத்துக் கேட்டார். அந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"இன்னாய்யா இது?"

ருக்குமணி. குளித்து, மஞ்சள் புடவை கட்டி, ஒரு கையில் தேங்காய் பழம் வேப்பிலைத் தட்டு. காலையிலேயே கிளம்பிப் போன புருஷனுக்குக் காத்திராமல், கோயிலுக்கு பஸ் ஏற நந்தினியோடு வந்திருந்தாள். இன்னொரு கையில், காசைச் சரிபார்க்க வழியிலேயே அவிழ்த்த மஞ்சள் துணி. அதற்குள் வாஷர்.

"நடுவுல ஓட்ட வுழுந்த காச இந்தக் கவருமெண்டு எப்பய்யா வுட்டுச்சு? ஆறு வெள்ளி இதுக்குக் கற்பூரம் காட்டியிருக்கேன்!"

சிங்காரவேல் ஒன்றையும் மறைக்கவில்லை. நாதஸ்வரத்திலிருந்து லாரி வரைக்கும், சால்வையிலிருந்து 'டங்' வரைக்கும் சொல்லி முடித்தார். பஸ் நிலையம் மொத்தமும் கூடிவிட்டது. ராஜாங்கம் ஒரு படி பின்வாங்கி பழனிசாமிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நந்தினி தலையில் கை வைத்தபடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ருக்குமணி நேராக மெஷினிடம் வந்தாள். மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"எல்லார் காசயும் துப்புற மெசினு இது. நம்ம காச மட்டும் துப்பலையா?"

"துப்பல."

"உள்ள வுழுந்ததும் என்னா வந்துச்சு?"

"சீட்டு வந்துச்சு." ராஜாங்கத்தின் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார்.

ருக்குமணி எழுத்துக் கூட்டி வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். சிங்காரவேலுக்கு வாழ்நாளில் எந்த பெல்ட்டும் அவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டு நின்றதில்லை.

"வாய் இருக்குது. புடிச்ச காச வாங்கிக்குது. வாக்கு சொல்லுது" என்றாள் கடைசியில். "மாரியாத்தா இதுக்கு மேல இன்னா செய்வா? நம்ம பஸ் ஏறி வர்ற வரைக்கும் பொறுக்கமாட்டாம அவளே வந்து வாங்கிகினாய்யா! ஏய் நந்தினி, அந்தத் தேங்காயை எடு."

மெஷினின் நெற்றியில் மஞ்சளைக் குழைத்து அப்பினாள், குங்குமம் வைத்தாள், வேப்பிலையைச் செருகினாள், தேங்காயை உடைத்தாள், கற்பூரம் ஏற்றினாள். பல்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டவர் வடலூர் பஸ் கண்டக்டர். அவர் ஒரு ரூபாயைப் போட்டார். மெஷின் துப்பியது. "அம்மனுக்கு உன் மேல கோவம்யா, டிக்கெட்டுக்குச் சில்லறை குடுக்கறதே இல்ல நீ" என்றார் ஒரு பயணி. கண்டக்டர் பதறிப்போய் அங்கேயே எல்லோருக்கும் பாக்கிச் சில்லறையைக் கொடுத்தார். அதற்கப்புறம் வரிசையை யாராலும் நிறுத்த முடியவில்லை. செகண்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இது அனுமதி பெறாத..." என்று தொடங்கினார் ராஜாங்கம். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்த சீட்டைத் தொட்டுக்கொண்டார். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

வடலூர் காண்டிராக்டர் விஷயம் கேள்விப்பட்டு மாலையோடு வந்தார். சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, திறக்க மாட்டேன் என்று சொல்லிப் போய்விட்டார். நாணயப் பிழைக் கழகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. மெஷின் துப்பினால் பிழை, வாங்கினால் சரி, ஒரு நொடியில் முடிகிற காரியத்துக்கு எதற்குக் குழு? ஆனால் இருந்த பதவிகள் வீணாகவில்லை. போர்டில் முதல் பாதியை மட்டும் அழித்து 'அருள்மிகு எடையம்மன்' என்று எழுதினார்கள். ராஜாங்கம் தர்மகர்த்தா. பழனிசாமி பூசாரி, எடையைப் பற்றி அவரிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. வீராசாமி சாரின் போஸ்ட் மட்டும் இன்னும் காலியாகவில்லை.

ஆவணியில் நந்தினி கல்யாணம் ஜோராக நடந்தது. நாதஸ்வரம் ஒரே செட்தான். முகூர்த்தம் முடிந்தும் அவர்களை இறங்கவிடாமல் சிங்காரவேல் ஓவர்டைம் வாசிக்க வைத்தார். தாலி கட்டிய கையோடு மணிமாறனும் நந்தினியும் பஸ் நிலையம் வந்து, இருவரும் சேர்ந்தே மெஷினில் ஏறினார்கள். 'இனி செலவுகள் கூடும்' என்று சீட்டு வந்தது. அம்மன் வாக்கு தப்பாது என்று மாப்பிள்ளை வீட்டார் உருகினார்கள்.

உள்ளே கிடக்கும் அந்த ஒரு ரூபாயின் மதிப்பு என்ன என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. சிங்காரவேலும் கேட்பதில்லை. கேட்க நினைக்கும்போதெல்லாம் அவர் பார்வை சாமி மாடத்துக்குப் போகும். கல்யாணம் முடிந்த மறுநாளே ருக்குமணி அந்த வாஷரை எடுத்து, அதே மஞ்சள் துணியில் புதிதாக முடிந்து, படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"தாயே, எம்புருசனுக்குப் புத்தி வந்துச்சுன்னா, இதே வாஷரக் கொண்டாந்து உனக்குப் போட்டுடறேன்."

வாஷர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதால் இந்த ஒரு தகவலையும் விடாமல் சொல்லிவிட வேண்டும்: முதலில் நான் அணைத்தேனே, அந்தக் கற்பூரம் மழையில் நனைந்து போயிருந்ததால் பற்றவே இல்லை.